ஆனைக்கொம்பனும் ராமையாவும்

சோழவந்தானுக்கு வடக்கே, பெரியாறு பாசன வாய்க்காலை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு. ஊர் ஊராகப் பாடம் நடத்தப் போய்விட்டவன் நான். முப்பது ஆண்டுகளாக அந்த நிலம் குத்தகையில்தான் இருக்கிறது. கடந்த தை மாதத் தொடக்கத்தில் குத்தகைதாரர் தொலைபேசியில் அழைத்து, ஒருமுறை வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். குரலில் இருந்த தளர்ச்சியே பாதி செய்தியைச் சொல்லிவிட்டது.

தொலைவிலிருந்து பார்த்தபோது வயல் அறுவடைக்கு முற்றி நிற்பதுபோல வெளுத்துக் கிடந்தது. வரப்பில் இறங்கி ஒரு கதிரைக் கையில் எடுத்த பிறகுதான் அது முற்றல் அல்ல என்று விளங்கியது. கதிரின் கழுத்துக் கணு கறுத்து, ஒடிந்து தொங்கியது. உருவிப் பார்த்தால் மணி இல்லை, பெரும்பகுதி சாவி. விதைத்தது பொன்னி. வந்தது கழுத்துக் குலைநோய். பூக்கும் பருவத்தில் பத்து நாள்கள் விடாமல் பனி பெய்ததாகவும், இரண்டு முறை மருந்து அடித்ததாகவும் அவர் சொன்னார். காப்பீடு உண்டு. ஆனால் அது ஊர் முழுவதன் சராசரி விளைச்சலைக் கணக்கிட்டுத் தரப்படுவது. ஒருவர் வயலில் மட்டும் கதிர் சாவியானால் அந்தக் கணக்கில் அது தெரியாது. இதை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன், அன்று வரப்பில் நின்று அவருக்கு விளக்க முடியாமல் தவித்தேன்.

வேளாண் பொருளாதாரம் கற்பித்த காலமெல்லாம் விதை, விலை, மானியம், சந்தை என்றே பேசிவந்தேன். பயிர் நோய் என்பது எங்கள் சமன்பாடுகளில் பிற காரணிகள் என்ற கடைசி உறுப்புக்குள் அடங்கிவிடும். அந்தக் கடைசி உறுப்பைத் தம் வாழ்நாளின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக எடுத்துக்கொண்ட ஒரு தமிழரைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் கழித்துப்போட்டிருந்த பழைய புத்தகக் கட்டு ஒன்றில்தான் முதன்முதலில் அறிந்தேன். சென்னை மாகாணத்து நெல்லைப் பற்றி 1937-இல் அவர் எழுதிய கையேடு அது. அவர் பெயர் கே. ராமையா.

1892-இல் பிறந்த கிருஷ்ணசாமி ராமையாவை நெல் ஆய்வாளர்கள் உலகெங்கும் அறிவார்கள். நம் ஊர்களில் அவர் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பவர்களே மிகுதி. கோயம்புத்தூரில் 1912-இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்தவர் எஃப்.ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். நெல்லின் நிறங்கள் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு இறங்குகின்றன என்பதைப் பற்றி 1917-இல் வெளிவந்த ஆய்வில் பார்னெலின் பெயரோடு ஜி.என். ரங்கசாமி அய்யங்காரின் பெயரும் ராமையாவின் பெயரும் இடம்பெற்றன. நெல்லின் மரபியல் குறித்து உலகில் எழுந்த தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று. கோனாமணி என்ற நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றுச் செடியிலிருந்து 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற ரகம் வந்ததும் அதே நிலையத்திலிருந்துதான். சன்னமான அரிசிக்கும் சுவைக்கும் பெயர்பெற்ற அதை உழவர்கள் கிச்சிலிச் சம்பா என்று அழைத்தார்கள். பார்னெல் பின்னர் தென்னாப்பிரிக்காவின் பார்பர்டனுக்குச் சென்று, தத்துப்பூச்சியைத் தாங்கி நிற்கும் பருத்தியை உருவாக்கினார். அவர் விட்டுச்சென்ற நெல் பணியை ராமையா ஏற்றார்.

அப்போது மாகாணத்தை அச்சுறுத்திக்கொண்டிருந்தது குலைநோய். இந்தியாவில் இந்நோய் 1913-இல் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்டது. 1919-இல் தஞ்சை டெல்டாவில் கொள்ளைநோயாகப் பரவியது. உழவர்களுக்கு அதற்கு முன்பும் அது தெரிந்தே இருந்திருக்கும். ஆயினும் ஒரு பூஞ்சைதான் காரணம் என்று அரசின் பூஞ்சையியலாளர் டபிள்யூ. மெக்ரே ஆய்ந்து எழுதிய பிறகுதான் அது அறிவியலின் கணக்கில் ஏறியது. இலையில் கண் வடிவத்தில் சாம்பல் நிறப் புள்ளியாகத் தொடங்கும். இலை முழுவதும் கருகினாலும் பயிர் ஓரளவு தேறிவிடக்கூடும். கதிரின் கழுத்தில் பற்றிக்கொண்டால் மீட்சி இல்லை. தண்டிலிருந்து மணிக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. உழுது, நட்டு, களையெடுத்து, உரமிட்டு, எல்லாச் செலவும் முடிந்த பிறகு வரும் இழப்பு அது.

இன்றைப்போல அன்று மருந்துக்கடை இல்லை. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் பயன்பட்ட போர்டோ கலவை இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்நீரைச் சேற்றில் இறங்கி ஏக்கர் ஏக்கராகத் தெளிக்க, அரைக் காணிக் குத்தகைக்காரருக்குக் கருவியும் கிடையாது, காசும் கிடையாது. ராமையாவும் அவருடைய உடன்பணியாளர்களும் எடுத்த முடிவு எனக்கு அறிவியலாக மட்டும் தோன்றவில்லை, பொருளாதாரமாகவும் தோன்றுகிறது. நோயைத் தாங்கும் குணம் விதைக்குள்ளேயே இருக்குமானால், உழவர் அதற்கெனத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு படி விதைநெல்லை அடுத்த வீட்டுக்காரரிடம் மாற்றிக்கொண்டால் பாதுகாப்பும் அதோடு கைமாறிவிடும்.

அப்படிப்பட்ட நெல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயைத் தேடிப்போய் அழைத்து வர வேண்டும். பிறர் அஞ்சி விலகும் சூழலை ஆய்வாளர் வலிந்து உண்டாக்குகிறார். இன்று வழக்கிலுள்ள முறையைச் சொன்னால் விளங்கும். பனி விழும் பருவத்தில், மேட்டுப்பாத்தி நாற்றங்காலில், சோதிக்க வேண்டிய ஒவ்வொரு ரகத்தையும் சிறு வரிசையாக நெருக்கி விதைப்பார்கள். தழைச்சத்தைத் தேவைக்கு மேல் கொட்டுவார்கள். யூரியா மிகுந்த இளம்பயிரைத்தான் இப்பூஞ்சை விரும்பும். பாத்தியைச் சுற்றிலும், நடுநடுவேயும் எளிதில் நோய்க்கு இரையாகும் ஒரு ரகத்தை விதைப்பார்கள். அந்த வரிசை முதலில் கருகி, தன்னிடமிருந்து வித்துகளை நாலாபுறமும் தூவும். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கி, இலைமேல் சுமார் பத்து மணிநேரம் ஈரம் தங்கினால் போதும், வித்து முளைத்து இலைக்குள் இறங்கிவிடும். பிறகு ஆய்வாளர் குனிந்தபடியே வரிசை வரிசையாகச் சென்று, சுழியம் முதல் ஒன்பது வரை மதிப்பெண் இடுவார். புள்ளியே இல்லாதது சுழியம். கருகி மடிந்தது ஒன்பது. நூறு வரிசைகள் கருகிக் கிடக்க, இடையே ஒன்றிரண்டு பச்சையாக நிற்கும்.

ராமையா காலத்தில் முறைகள் இவ்வளவு சீர்படவில்லை. இயற்கையாக நோய் வரும் இடத்தையும் பருவத்தையும் நம்பியே பெரும்பாலும் வேலை நடந்தது. ஆனால் தத்துவம் இதுவேதான். மாகாணம் முழுவதிலுமிருந்து திரட்டிய நாட்டு நெல்களில், கருகாமல் நின்ற ஒன்று ஆனைக்கொம்பன். அதிலிருந்து தனிச் செடிகளைத் தேர்ந்து தூய வரிசையாகப் பிரித்ததே கோ 4. நெற்பயிரில் கொம்புபோல வெள்ளைக் குருத்தை உண்டாக்கும் ஈயையும் நம் உழவர்கள் ஆனைக்கொம்பன் என்றே சொல்வார்கள். ஒரே பெயரில் ஒரு பகையும் ஒரு துணையும் இருந்தன. அந்தப் பகையின் பெயர் இன்றும் வழக்கிலிருக்கிறது; துணையான நெல்லைத்தான் மறந்துவிட்டோம்.

கோ 4 நோயைத் தாங்கியது. ஆனால் எல்லா ஊர் உழவர்களும் அதை விரும்பவில்லை. தஞ்சைப் பகுதியில் பரவலாக விளைந்த ஏ.டி.டி. 10 என்ற கொரங்கு சம்பா நல்ல மகசூல் தந்தது. குலைநோய்க்கோ மிக எளிதில் இரையானது. இரண்டையும் கலக்க வேண்டும். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். பூ திறப்பது முற்பகலில் சிறிது நேரமே. அது திறப்பதற்கு முன்பு, உமியின் நுனியை வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக நீக்கி, மற்றொரு ரகத்தின் தூளைத் தூவி, உறையிட்டு மூட வேண்டும். ஒரு கதிரில் சில மணிகளே தேறும். அம்மணிகளை விதைத்து, அவற்றின் பேரப்பயிர்களை ஆயிரக்கணக்கில் வளர்த்து, எல்லாவற்றையும் நோய்க்கு முன் நிறுத்தி, எஞ்சியவற்றை மீண்டும் விதைத்து என ஆண்டுகள் ஓடும். அந்தக் கலப்பின் வழிவந்தவையே பின்னாளில் வெளியான கோ 25, கோ 26 ஆகிய ரகங்கள்.

இவ்வுழைப்பின் பயனைக் கே. ராமசாமியுடன் சேர்ந்து 1936-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ராமையா வெளியிட்டார். நோயை எதிர்க்கும் திறன் நெல்லில் எவ்வாறு மரபாக இறங்குகிறது என்பதே அதன் பொருள். இந்தக் கட்டுரையின் முதன்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு நெல் நோயைத் தாங்குகிறது என்பதை எந்த அனுபவசாலி உழவரும் சொல்லிவிடுவார். அந்தக் குணத்தை ஒரு நெல்லிலிருந்து எடுத்து மற்றொன்றில் சேர்க்க முடியும், அதற்கு விதிகள் உண்டு என்று காட்டியபோது, அதிர்ஷ்டமாக இருந்தது கணக்காக மாறிவிட்டது.

அதே ஆண்டுகளில் நெல்லின்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி மாற்றங்களை உண்டாக்கும் சோதனைகளையும் என். பார்த்தசாரதி போன்றோருடன் அவர் நடத்தினார். பின்னர் இந்தூரில் பருத்தி ஆய்வுக்குச் சென்றார். நெல்லில் ஊறிய மனிதர் பருத்திக்குப் போனது ஏன் என்று தோன்றக்கூடும். அரசுப் பணியில் அப்படித்தான். அவரை மீண்டும் நெல்லுக்கு அழைத்து வந்தது வங்கப் பஞ்சம்.

1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தேன். ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிடப்படும் அந்தப் பேரழிவு உணவுப் பற்றாக்குறையால் நேரவில்லை, உணவைப் பெறும் ஆற்றலை ஏழைகள் இழந்ததால் நேர்ந்தது என்று அமர்த்தியா சென் 1981-இல் தம் நூலில் வாதிட்டார். அந்த வாதத்தின் வலிமையை இன்றும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1973-இல், எஸ்.ஒய். பத்மநாபன் என்ற நெல் நோயியலாளர் எழுதிய கட்டுரையை ஒருநாள்கூட வகுப்பில் குறிப்பிட்டதில்லை. பஞ்ச காலத்தில் வங்கத்தில் பணியேற்றவர் அவர். 1942-இல் புயலுக்கும் தொடர்மழைக்கும் பிறகு செம்புள்ளி நோய் என்ற மற்றொரு பூஞ்சை நெல்லை அழித்ததை, சின்சுரா, பாங்குரா ஆய்வு நிலையங்களின் விளைச்சல் கணக்குகளைக் கொண்டு அவர் காட்டினார். அந்தக் கணக்குகளில், ஒரே நிலத்தில் விளைந்த ரகங்களுள் சில பெருமளவு அழிந்தன, சில அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. அழிவின் அளவைப் பற்றிப் பொருளியலாளர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். பூஞ்சை அழித்தது விளைச்சலை. அதன்பின் விலையும் பதுக்கலும் ஆட்சியாளர்களின் அலட்சியமும் சேர்ந்து மனிதர்களை அழித்தன என்பதே இப்போது என் நிலைப்பாடு. என் மாணவர்களுக்கு இதன் பின்பாதியை மட்டுமே சொன்னேன்.

அந்தப் பஞ்சத்தின் பின்விளைவாக, 1946 ஏப்ரல் 23 அன்று ஒடிசாவின் கட்டாக்கை அடுத்த வித்யாதர்பூரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. மாகாண அரசு தந்த 60 ஹெக்டேர் நிலத்தில் அதை எழுப்பியவர், அதன் முதல் இயக்குநரான ராமையா. பத்மநாபனும் பிற்காலத்தில் அதே நிலையத்தின் இயக்குநரானார்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு கட்டாக்கில் 1950-ஐ ஒட்டித் தொடங்கிய பெருந்திட்டமும் ராமையாவின் எண்ணத்தில் உதித்ததே. நம் நாட்டு இண்டிகா நெல்கள் உயரமானவை. உரம் கூடினால் சாய்ந்துவிடும். ஜப்பானின் ஜப்போனிகா நெல்கள் உரத்தை மகசூலாக மாற்றும். இவ்விரண்டையும் கலந்து, விதைகளை ஆசிய நாடுகளுக்கு அனுப்புவது திட்டம். எழுநூறுக்கும் மேற்பட்ட கலப்புகளில் ரகமாக நிலைத்தவை நான்கே. அவற்றுள் ஒன்று தஞ்சையைக் கலக்கிய ஏ.டி.டி. 27, ஜி.இ.பி. 24-உடன் நோரின் 10 சேர்ந்தது. (குட்டைக் கோதுமையைத் தந்த நோரின் 10 வேறு, இது நெல்.) மற்றொன்று மலேயாவில் தேர்வு செய்யப்பட்டு 1965-இல் வெளியான மஷூரி. நாம் பொன்னி என்று அழைப்பது அந்த மஷூரியைத்தான். அதிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே 1986-இல் வந்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி. ஆந்திரப் பொன்னி என்று கடைகளில் விற்கும் பி.பி.டி. 5204-இன் பெற்றோரிலும் மஷூரி உண்டு, ஜி.இ.பி. 24-உம் உண்டு. மதுரை மாவட்டத்தில் இன்று ஒரு வீட்டில் உலை கொதித்தால், அதில் ராமையாவின் வாழ்க்கையின் ஏதோ ஒரு பகுதி வேகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் பொன்னி குலைநோய்க்கு எளிதில் இரையாகும். என் வயலில் ஒடிந்து தொங்கிய கதிரும் அந்தத் திட்டத்தின் வாரிசுதான். ராமையாவின் முற்பாதி வாழ்க்கை நோயைத் தாங்கும் நெல்லைத் தேடியது. பிற்பாதி உரத்தைத் தாங்கும் நெல்லைத் தேடியது. உரம் கூடினால் நோயும் கூடும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. பசித்திருந்த நாட்டில் இரண்டையும் ஒரே விதையில் காணக் காலம் அவருக்கு இடம் தரவில்லை என்றே கொள்கிறேன். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அடுத்து வந்தவர்கள், மகசூலைக் கொண்டாடிய அளவுக்கு நோய் எதிர்ப்பைக் கொண்டாடவில்லை என்ற குறை மட்டும் உண்டு. அந்த அடுத்து வந்தவர்களில் என்னைப் போன்ற பொருளியலாளர்களும் அடக்கம். விளைந்த மூட்டையை எண்ணத் தெரிந்த எங்களுக்கு, வராமல் தடுக்கப்பட்ட நட்டத்தை எண்ணத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூஞ்சை சும்மா இருப்பதில்லை. ஒரு ரகம் ஊரெங்கும் பரவினால் அதை வெல்லும் புதிய இனமாக அது மாறிக்கொள்கிறது. ஆகவே இந்தச் சல்லடை வேலைக்கு முடிவே கிடையாது. நீலகிரியின் கூடலூரில், குளிரும் மழையும் நோய்க்கு ஏற்றபடி வாய்த்திருப்பதால், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மையத்தில் புதிய நெல்களைக் குலைநோய்க்கு நிறுத்திப் பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் பிறந்த கோ 39 உலகப் புகழ் பெற்றதும் இவ்வகையில்தான்: நோய்க்கு அது அவ்வளவு எளிதில் பணிந்துவிடுவதால், எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிக்கப் பல நாட்டு ஆய்வாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். கோ 4-ஐத் தந்த ஊர் கோ 39-ஐயும் தந்தது.

மருந்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்குப் பாசுமதி சான்று. குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலின் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு விதித்தவுடன் ஏற்றுமதியாளர்கள் திகைத்தார்கள். நோய் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்த பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகியவை அதன்பின் விரைவாக வந்தன. ஐரோப்பியச் சந்தை கதவை மூடியபோது காட்டப்பட்ட அந்த அவசரம், உள்ளூரில் உண்ணப்படும் பொன்னிக்கும் காட்டப்பட வேண்டும்.

நெல் இனப்பெருக்கமும் மரபியலும் குறித்து ராமையா எழுதிய பெருநூல் 1953-இல் வெளிவந்தது. 1957-இல் பத்மஸ்ரீ, 1970-இல் பத்மபூஷண். 1968 முதல் 1974 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1988-இல், தொண்ணூறைக் கடந்த வயதில் மறைந்தார்.

சோழவந்தான் வயலுக்குத் திரும்புகிறேன். பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர். அதன் இரண்டாம் போகம் மார்கழிப் பனியில்தான் பூக்கிறது. பூஞ்சைக்கும் அதுவே பருவம். அந்த ஆண்டுக் குத்தகை நெல்லை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை நோய் தாங்கும் வேறு ரகம் போடலாமே என்று கேட்டபோது, அரவை ஆலைக்காரர் பொன்னிக்குத்தான் விலை தருகிறார், மற்றதைப் போட்டால் மூட்டைக்கு எவ்வளவு குறையும் என்று குத்தகைதாரர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. கடைசியில், மேற்கே உள்ள அரை ஏக்கரில் மட்டும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் கேட்டு வேறு விதை வாங்கிப் போடுவது, விலை குறைந்தால் வித்தியாசத்தை நான் ஏற்பது என்று பேசி முடித்தோம். மீதி ஒன்றரை ஏக்கரில் இந்த முறையும் பொன்னிதான்.